கொசுத்தேனீயின் விந்தணுவை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது: ஆண் ஈயைப் பிடிப்பதிலிருந்து அமைப்பைப் படிப்பது வரை

மியான்மரின் மோல்மீனில் என் வீட்டுப் பின்கட்டில் நாலு கொசுத்தேனீக் கூடு வைத்திருக்கிறேன். சாயங்காலம் உயிரியல் படிக்க வரும் பிள்ளைகளோடு சேர்ந்து இந்த வேலையைப் பல தடவை செய்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் கண்ணை லென்ஸில் வைத்துவிட்டு, "சயா (பர்மிய மொழியில் ஆசிரியர்), ஒன்றுமே தெரியவில்லையே" என்பார். பெரும்பாலும் அவர் மைக்ராஸ்கோப்பில் எந்தத் தவறும் செய்திருக்க மாட்டார், இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் கூட்டு வாசலில் தப்பான ஈயைப் பிடித்திருப்பார். அதனால்தான் இந்த வழிகாட்டியில் ஆண் ஈயைப் பிடிப்பதற்கே நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. எது தெரியும், எது தெரியாது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தேனீ இனத்தின் விந்தணு நூல் மாதிரி இருக்கும். பாடப்புத்தகத்தில் மனித விந்தணுவின் படத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் உருண்டைத் தலையும் குட்டி வாலும் தேடுவார்கள், அது இங்கே கிடையாது. தலையும் வாலும் ஏறக்குறைய ஒரே தடிமன், சாயம் போடாவிட்டால் எங்கே தலை முடிந்து வால் தொடங்குகிறது என்று சொல்வது கஷ்டம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு: வளர்ப்புத் தேனீயான ஏபிஸ் மெலிஃபெராவின் விந்தணு 250 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல், அதாவது கால் மில்லிமீட்டர். அதில் தலை சுமார் 10 மைக்ரான்தான். மனித விந்தணு முழுவதுமே 50, 60 மைக்ரான்.

கொசுத்தேனீயில் நீளம் இனத்துக்கு இனம் மாறும், அதை நீங்களே அளக்கப் போகிறீர்கள். ஆனால் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. சாதாரண ஒளி மைக்ராஸ்கோப் 0.2 மைக்ரானைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு பொருளைப் பிரித்துக் காட்டாது. எனவே வாலுக்குள் இருக்கும் நுண்குழல்கள் எவ்வளவு நல்ல லென்ஸிலும் தெரியாது. ஒளி மைக்ராஸ்கோப்பில் கிடைப்பவை மூன்று: முழு வடிவம், மொத்த நீளம், உட்கருவின் நீளம். உள் அமைப்புக்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம்தான் வழி, அதை எப்படி வாசிப்பது என்று கடைசியில் எழுதியிருக்கிறேன்.

2. ஈயைத் தொடும் முன் மேஜையில் இருக்க வேண்டியவை

ஈயை அறுத்த பிறகு எழுந்துபோய் எதையும் தேடக்கூடாது. துளி காய்ந்துவிடும், காய்ந்த துளியில் உப்புப் படிகங்கள்தான் மிஞ்சும்.

அறுப்பதற்கு 10 மடங்கிலிருந்து 40 மடங்கு வரை காட்டும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் ஒன்று வேண்டும். பார்ப்பதற்கு 400 மடங்கும் எண்ணெய் லென்ஸில் 1000 மடங்கும் வரும் சாதாரண மைக்ராஸ்கோப். சாயமில்லாத செல்லையும் தெளிவாகக் காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வசதி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்.

சாமணம் இரண்டு. கடிகாரம் ரிப்பேர் செய்பவர்கள் வைத்திருக்கும் ஊசி நுனிச் சாமணமே சரி. மருந்துக்கடைச் சாமணம் இந்த ஈயின் வயிற்றைவிட அகலம்.

கறுப்பு அறுவைத் தட்டு. மெழுகுவத்தியை உருக்கி, விளக்குக் கரியைக் கலந்து, ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில் ஊற்றி ஆறவிட்டால் தயார். நாம் தேடும் உறுப்பு பால் வெள்ளை, வெள்ளைத் தட்டில் அது காணாமல் போய்விடும்.

உப்புநீர். மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைன் பாட்டில் போதும், பாஸ்பேட் பஃபர் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) சேர்த்த சலைன் கிடைத்தால் இன்னும் நல்லது. வெறும் தண்ணீர் கூடாது. தண்ணீரில் விந்தணுவுக்குள் நீர் புகுந்து வால் சுருண்டு வளையமாகிவிடும். அதைப் பார்த்து "இந்த இனத்தின் விந்தணு வளையம் போன்றது" என்று நோட்டில் எழுதிய பிள்ளைகள் உண்டு.

சாயத்துக்கு கீம்சா, மெத்தனால், பி.எச். 6.8 பஃபர். ஃபார்மலின் வைத்திருந்தால் அதன் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். கடையில் விற்கும் ஃபார்மலின் என்பதே சுமார் 37 சதவீத ஃபார்மால்டிஹைடு. '4 சதவீத ஃபார்மால்டிஹைடு' வேண்டுமென்றால் ஒரு பங்கு ஃபார்மலினோடு ஒன்பது பங்கு பஃபர் சேர்க்க வேண்டும். நூறு மில்லியில் நாலு மில்லி ஃபார்மலின் ஊற்றினால் அது 1.5 சதவீதம்தான், செல் சரியாக நிலைப்படாது, அதாவது வடிவம் கெடாமல் நிற்காது. ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டுதான் இதைத் தொட வேண்டும்.

அப்புறம் விளக்கு. கரண்ட் போகும் நேரம் நமக்குத் தெரிந்ததுதானே. பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

3. சரியான ஆண் ஈயைப் பிடிப்பது

இந்தப் படிதான் வேலையின் பாதி.

முதலில் கூடு. இங்கே வீட்டுச் சுவர், மரப்பொந்து, பழைய மூங்கில் என்று எங்கும் கூடு கட்டும் சின்னக் கறுப்பு ஈ பெரும்பாலும் டெட்ராகொனுலா லேவிசெப்ஸ் குழுவைச் சேர்ந்தது. வாசலில் பிசினால் செய்த குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். படகு இடுக்கு அடைக்க இங்கே வாங்கும் ப்வேஞெட், இந்த ஈக்கள் சேர்த்து வைக்கும் பிசின்தான். 'லேவிசெப்ஸ் குழு' என்று சொல்வதற்குக் காரணம், பார்க்க ஒன்றுபோல இருக்கும் பல இனங்கள் அதில் உண்டு. எனவே ஒவ்வொரு கூட்டிலிருந்தும் நாலைந்து வேலைக்கார ஈக்களை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, கூட்டின் எண்ணை எழுதி வையுங்கள். பின்னால் யாராவது இனத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால் அது கையில் இருக்கும்.

ஆணும் வேலைக்கார ஈயும் அளவில் ஏறக்குறைய ஒன்று, இரண்டுமே நாலு மில்லிமீட்டர் பக்கம். வளர்ப்புத் தேனீயில் ஆண் ஈ குண்டாக, பெரிய கண்ணோடு தனியாகத் தெரியும் என்பதால், இங்கேயும் குண்டு ஈயைத் தேடுவது புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

உணர்கொம்பில் துண்டுகளை எண்ணுங்கள், ஆணுக்கு 13, வேலைக்கார ஈக்கு 12. ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் இது சுலபம், ஒரு நாள் பழகினால் எண்ணாமலேயே கொம்பு நீளமாகத் தெரியும். பின்னங்காலைப் பாருங்கள், வேலைக்கார ஈக்கு மகரந்தமும் பிசினும் சுமக்கும் அகன்ற குழி இருக்கும், ஆணின் கால் ஒல்லி. காலில் பிசின் உருண்டையோடு வரும் ஈயைப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம், அது பெண். 'கொடுக்கு இல்லை, அதனால் ஆண்' என்று மட்டும் முடிவுகட்டாதீர்கள். இந்தக் கூட்டத்தில் யாருக்குமே கொட்டும் கொடுக்கு கிடையாது.

இரண்டாவது, வயது. ஆண் ஈயின் விந்தகத்தில் விந்தணு உருவாவது கூட்டுப்புழுப் பருவத்தில். வெளியே வந்த பிறகு அவை விந்தகத்திலிருந்து இறங்கி விந்துப்பைக்குள் சேரும், விந்தகம் சுருங்கிப் போகும். அன்றைக்குப் பொரித்த வெளிறிய ஆணை அறுத்தால் விந்துப்பை காலியாகவோ பாதி நிரம்பியோ இருக்கும். விந்தகத்தைக் கிழித்துப் பார்த்தால் முதிராத செல்கள் கட்டுக்கட்டாக, தலைகள் ஒரே பக்கம் சேர்ந்து கிடக்கும். அதைப் பார்த்து 'இந்த ஈயின் விந்தணு கட்டாகத்தான் இருக்கும்' என்று நினைத்துவிடக்கூடாது. முதிர்ந்து விந்துப்பையில் சேர்ந்தபின் ஒவ்வொன்றும் தனித்தனி.

முதிர்ந்த ஆணை எங்கே பிடிப்பது? கூட்டுக்கு வெளியே. ஆண்கள் முதிர்ந்ததும் பிறந்த கூட்டைவிட்டுப் போய்விடும், திரும்பாது. புது ராணி வெளியே வரப்போகும் கூட்டின் அருகில் செடியிலோ கயிற்றிலோ வேலியிலோ கூட்டமாக உட்கார்ந்து காத்திருக்கும். அந்தக் கூட்டத்தில் பிடிப்பவை பெரும்பாலும் வேலைக்கு ஆகும். என் கூடுகளின் அருகில் இப்படிக் கூட்டம் சேர்வதை நான் அதிகம் பார்த்தது மழை நின்று வெயில் தொடங்கிய மாதங்களில், ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டான திஞ்ஞான் வரைக்கும். கனமழைக் காலத்தில் தேடி அலைய வேண்டாம்.

ஆனால் ஒன்று, காத்திருக்கும் கூட்டத்தில் இருப்பவை பல கூடுகளிலிருந்து வந்தவை. 'இந்தக் கூட்டின் விந்தணு' என்று சொல்ல வேண்டுமானால் கூட்டுக்குள்ளிருந்துதான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்த ஆண்களை வலைத்துணி கட்டிய டப்பாவில் வைத்து, தேனைத் தண்ணீரில் கலந்து பஞ்சில் கொடுத்துச் சில நாள் வைத்திருந்து பிறகு அறுங்கள். எந்த வழியில் எடுத்தது என்று நோட்டில் கட்டாயம் எழுதுங்கள், இரண்டையும் கலந்து கணக்குப் போடக்கூடாது.

பிடிப்பதற்கு மூடியில் இரண்டு குழாய் செருகிய சின்ன பாட்டில் போதும். வாயால் உறிஞ்சும் குழாயின் உள்நுனியில் வலைத்துணி கட்டுங்கள், இல்லாவிட்டால் ஈ தொண்டைக்குள் போகும். ஒரு நாளைக்கு பத்து ஆண் போதும், அதற்கு மேல் அறுக்க உங்களால் முடியாது, வீணாகச் சாகடிக்க வேண்டாம்.

4. குளிரவைத்து அறுப்பது

பாட்டிலை ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் ஈ அசையாமல் ஆகும். உறைய விடாதீர்கள், உறைந்து உருகினால் செல் உடையும். ஆல்கஹாலில் போட்ட ஈயையும் இந்த வேலைக்கு எடுக்கக்கூடாது, உள்ளே எல்லாம் கெட்டியாகி விந்துப்பை தொட்டால் பொடிந்துவிடும்.

கறுப்புத் தட்டில் ஒரு துளி சலைன் வையுங்கள். ஈயை அதில் மல்லாக்கக் கிடத்தி, இடது கைச் சாமணத்தால் மார்பைப் பிடித்துக்கொண்டு, வலது கைச் சாமணத்தால் வயிற்றின் கடைசித் துண்டைப் பிடித்து மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பாதியில் அறுந்து பை வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும். மெதுவாக, ஒரே சீராக இழுத்தால் இனப்பெருக்கக் குழாய் முழுதாக, சில சமயம் குடலோடு சேர்ந்து வெளியே வரும்.

வந்தவற்றில் எது எது என்று பிரியுங்கள். மஞ்சளும் பழுப்புமாக இருப்பது குடல். மெல்லிய நூல்களாகச் சிக்கிக் கிடப்பவை கழிவு நீக்கும் மால்பீஜியன் குழல்கள், புதியவர்கள் பலர் இவற்றைத்தான் விந்துக்குழாய் என்று எடுத்து வைப்பார்கள். ஜோடியாக, நீண்டு, பால் மாதிரி வெள்ளையாக, வெளிச்சம் ஊடுருவாமல் இருப்பதுதான் விந்துப்பை. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் அது காலி, அந்த ஈயை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

வளர்ப்புத் தேனீயை அறுத்துப் பழகியவர்கள் இங்கே ஒரு இடத்தில் குழம்புவார்கள். அங்கே விந்துப்பைக்குப் பக்கத்தில் சளி சுரக்கும் பெரிய சுரப்பிகள் இரண்டு இருக்கும். கொசுத்தேனீ ஆணுக்கு அந்தத் துணைச் சுரப்பியே இல்லை. 'சுரப்பியைக் காணோமே, கிழித்துவிட்டேனோ' என்று கவலைப்பட வேண்டாம். விந்தகத்தின் உள்ளேயும் வித்தியாசம் உண்டு, வளர்ப்புத் தேனீயில் ஒரு விந்தகத்துக்கு ஏராளமான குழல்கள், இங்கே நாலே நாலு.

வயிற்றை விரலால் அமுக்கி விந்தைப் பிதுக்கும் முறை வளர்ப்புத் தேனீயில் உண்டு. இத்தனை சின்ன ஈயில் அமுக்கினால் தேன் பையும் குடலும் சேர்ந்து உடையும், மகரந்தமும் பாக்டீரியாவும் கலந்து ஸ்லைடு பாழாகும்.

5. விந்துப்பையைத் திறப்பது

பையை அப்படியே ஸ்லைடுக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் சுத்தமான இன்னொரு சலைன் துளியில் ஒரு முறை அலசுங்கள், ஒட்டியிருக்கும் கொழுப்பும் குடல் கசிவும் போகட்டும்.

இப்போது சுத்தமான ஸ்லைடில் 20 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு சின்னத் துளி சலைன். அதில் பையை வைத்து, ஒரு ஊசியால் பிடித்துக்கொண்டு மறு ஊசியால் ஒரே ஒரு இடத்தில் குத்துங்கள். வெள்ளைப் புகை மாதிரி விந்து வெளியே வரும். அவ்வளவுதான், பையைக் கூழாக்க வேண்டாம், கூழாக்கினால் திசுத் துண்டுகள் கலந்து எது விந்தணு எது குப்பை என்று தெரியாமல் போகும். தோலை எடுத்து வெளியே போட்டுவிடுங்கள்.

அந்தத் துளி மிகவும் அடர்த்தியாக இருக்கும். அதையே பார்த்தால் சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி ஒரு மொத்தை, ஒரு முழு விந்தணுவின் இரு நுனியும் கண்ணில் படாது. எனவே அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுத் துளியில் கலந்து, அதிலிருந்து மறுபடி ஒரு முறை. நான் வழக்கமாக மூன்று ஸ்லைடு செய்வேன், அடர்த்தி, நடுத்தரம், மிக நீர்த்தது என்று. அளவெடுக்க மூன்றாவதுதான் உதவும்.

ரத்தப் பரிசோதனைக்காரர் மாதிரி இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் இழுத்துத் தேய்க்காதீர்கள். நீண்ட வால் அறுந்துபோகும், அப்புறம் நீங்கள் அளப்பது துண்டுகளைத்தான். ஸ்லைடை லேசாகச் சாய்த்தால் துளி தானாகப் பரவும்.

6. உயிரோடு ஒரு பார்வை

காயவைக்கும் முன்பு ஒரு ஸ்லைடில் கவர்ஸ்லிப் போட்டு உடனே பாருங்கள். 100 மடங்கில் தொடங்கி 400க்குப் போங்கள். முதலில் தெரிவது அலையலையாகப் புரளும் கூட்டம், ஓரத்துக்கு வந்தால் தனி இழைகள் நெளிவது தெரியும். பிள்ளைகள் சத்தம் போடுவது இந்த இடத்தில்தான், எனக்கும் இன்றுவரை இது அலுக்கவில்லை.

ஒன்றும் தெரியாவிட்டால் பெரும்பாலும் காரணம் வெளிச்சம் அதிகம். சாயமில்லாத விந்தணு ஏறக்குறைய கண்ணாடி, முழு வெளிச்சத்தில் மறைந்துவிடும். கண்டென்சருக்குக் கீழே உள்ள திரையைப் பாதிக்கு மேல் மூடுங்கள், இழைகள் கறுப்புக் கோடாக எழும்பி வரும்.

வால் எல்லாம் வளையமாகச் சுருண்டிருந்தால் சலைன் தப்பு, பாட்டிலை மாற்றுங்கள். எல்லாம் அசையாமல் நேராகக் கிடந்தால் சூடு பட்டிருக்கலாம், இல்லையென்றால் சாமணத்தில் முந்தைய ஆல்கஹால் ஒட்டியிருக்கலாம்.

7. நிலைப்படுத்தி, சாயம் ஏற்றுவது

இரண்டு வழி இருக்கிறது, ஒரே ஸ்லைடில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கீம்சா போடப் போகிறீர்களென்றால் காயவைத்த ஸ்லைடை மெத்தனாலில் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். ஃபார்மலினில் வைத்த ஸ்லைடில் கீம்சா சரியாக ஏறாது, தலையும் வாலும் ஒரே மங்கல் நீலமாக நிற்கும். ஃபேஸ் கான்ட்ராஸ்டில் நீளம் மட்டும் அளக்கப் போகிறீர்களென்றால், அல்லது உட்கருவை ஒளிரவைக்கும் டாப்பி சாயமும் ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பும் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப் போகிறீர்களென்றால், 4 சதவீத ஃபார்மால்டிஹைடு.

மோல்மீன் மாதிரி ஊரில் மெத்தனாலுக்கு ஒரு எதிரி உண்டு, காற்றின் ஈரம். மூடியைத் திறந்து திறந்து வைத்தால் மெத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அதில் நிலைப்படுத்திய செல்லில் குமிழி குமிழியாகத் தெரியும். மழைக்காலத்தில் என் பிள்ளைகளின் ஸ்லைடுகளில் 'தலையில் ஓட்டை' தெரிந்ததற்குக் காரணம் இதுதான். சின்னப் பாட்டிலில் பிரித்து வைத்து, அன்றன்றைக்குப் புதிதாக எடுங்கள். ஸ்லைடு காயவும் நேரமாகும், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துக் காயவையுங்கள், அடுப்புப் பக்கம் காட்ட வேண்டாம்.

கீம்சாவை பி.எச். 6.8 பஃபரில் 20க்கு ஒன்று என்று நீர்த்து, 20 முதல் 30 நிமிடம். குழாய்த் தண்ணீரில் நீர்த்தால் நிறம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி வரும். கழுவும்போது சாயத்தைச் சாய்த்துக் கொட்டாதீர்கள், மேலே மிதக்கும் பளபளப்பான ஆடை ஸ்லைடில் படிந்துவிடும். ஓரத்திலிருந்து பஃபரை ஊற்றி அந்த ஆடையை மிதக்கவிட்டு வெளியேற்றிய பிறகு ஸ்லைடைத் தூக்குங்கள்.

சரியாக வந்தால் உட்கரு அடர் ஊதாக் கோடாகவும் வால் வெளிறியும் இருக்கும். அந்த ஊதாவுக்கு முன்னால் மெல்லிய வெளிறிய நுனி ஒன்று தெரிந்தால் அது அக்ரோசோம், அதாவது தலையின் முன்நுனியில் இருக்கும் பை. தலை எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைக்கிறது.

பெயர் எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்லைடின் சொரசொரப்பான முனையில் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை மெத்தனாலில் கரைந்துபோகும். எது எந்தக் கூடு என்று தெரியாமல் ஒரு நாள் முழுவதும் செய்த வேலையைத் தூக்கிப்போட்டிருக்கிறோம்.

8. அளவெடுப்பது

மைக்ராஸ்கோப்போடு சேர்ந்த கேமரா இல்லாமல் போனால் போனை கண்லென்ஸில் பொருத்திப் படம் எடுப்போம், தப்பில்லை. ஆனால் போனைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் உருப்பெருக்கம் கொஞ்சம் மாறும். எனவே ஒவ்வொரு முறை மாட்டியதும் முதல் படமாக ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை (அளவுக்கோடுகள் பொறித்த ஸ்லைடு), அந்தந்த லென்ஸில், படம் எடுங்கள். போனில் விரலால் பெரிதாக்குவதை மறந்துவிடுங்கள்.

படத்தை இலவச மென்பொருளான இமேஜ்ஜேயில் திறந்து, மைக்ரோமீட்டர் படத்தை வைத்து அளவுகோலைப் பதிந்து, உடைந்த கோடு போடும் கருவியால் விந்தணுவின் வளைவைப் பின்பற்றிக் கிளிக் செய்துகொண்டே போங்கள். வளைவில் கிளிக்குகள் நெருக்கமாக இருக்கட்டும், குறைத்தால் நீளம் குறைந்து வரும்.

எதை அளப்பது? இரு நுனியும் தெளிவாகத் தெரிபவை மட்டும். நுனி இன்னொன்றின் அடியில் புகுந்திருந்தால் விடுங்கள். 'அநேகமாக இங்கே முடியும்' என்று ஊகித்துக் கோடு போட்டால் அந்த எண் எதற்கும் உதவாது.

ஒரு ஆணிலிருந்து 30 விந்தணு, இப்படிச் சில ஆண்கள், இப்படிச் சில கூடுகள் என்று எடுங்கள். ஒரே ஆணிலிருந்து 300 எடுத்துவிட்டு '300 மாதிரி பார்த்தேன்' என்று எழுதுவது பெரிய பிழை. ஆண் ஈ கருவுறாத முட்டையிலிருந்து வருவது, அதற்கு இருப்பது ஒரே தொகுதிக் குரோமோசோம், அதன் விந்தணுக்கள் எல்லாம் மரபளவில் ஏறக்குறைய ஒன்றே. 300 விந்தணுவை அளந்தாலும் நீங்கள் பார்த்தது ஒரு ஆணைத்தான்.

சில ஆண்களின் தலை மற்றவற்றைவிடத் தெளிவாக நீளமாக வந்தால் அளவுப்பிழை என்று உடனே அழித்துவிடாதீர்கள். நெருங்கிய உறவில் இனச்சேர்க்கை நடந்த கூட்டில் இரண்டு தொகுதிக் குரோமோசோம் உள்ள ஆண்களும் பிறக்கும். வளர்ப்புத் தேனீயில் அப்படிப்பட்ட புழுக்களை வேலைக்கார ஈக்கள் தின்றுவிடும், கொசுத்தேனீயில் அவை முழு ஈயாக வளர்ந்துவிடும். ஒரே கூட்டைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

9. எலக்ட்ரான் படத்தை வாசிப்பது

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு அனுப்ப வாய்ப்பிருந்தால் அறுத்த உடனே விந்துப்பையை முழுதாக, குத்தாமல், 2.5 சதவீத குளுட்டரால்டிஹைடில் போட வேண்டும். ஸ்லைடில் காய்ந்ததை அனுப்பிப் பயனில்லை. மற்ற வேலையை, ஆஸ்மியம், பிசினில் பதிப்பது, 60 முதல் 80 நானோமீட்டர் தடிமனில் சீவுவது எல்லாவற்றையும், ஆய்வகம் பார்த்துக்கொள்ளும். நமக்கு வாய்ப்பில்லாவிட்டாலும் ஆய்வுக் கட்டுரைகளில் வந்த படங்களை வாசிக்கத் தெரிய வேண்டும்.

புதியவர்கள் தடுமாறுவது இங்கே: ஒரே படத்தில் வட்டம் வட்டமாக ஐம்பது வெட்டுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஐம்பது வகை விந்தணு என்று நினைத்துவிடுகிறார்கள். பையில் விந்தணுக்கள் முன்னும் பின்னுமாகப் படுத்திருக்கின்றன, கத்தி ஒன்றைத் தலையிலும் இன்னொன்றை வாலிலும் வெட்டியிருக்கிறது. வாழைத்தண்டைப் பல இடத்தில் வெட்டினால் உள்ளே வேறு வேறு மாதிரி தெரியுமே, அப்படித்தான். எனவே முதல் வேலை, வெட்டுகளை முன்னிருந்து பின்னாக வரிசைப்படுத்துவது.

முன்நுனி வெட்டு: சின்ன வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். வெளியே இருப்பது அக்ரோசோம் பை, உள்ளே இருக்கும் கம்பி பெர்ஃபரடோரியம். பல தேனீ இனங்களில் அந்தக் கம்பியின் அடி உட்கருவின் முன்பள்ளத்துக்குள் இறங்கியிருக்கும், அந்த இடத்தில் வெட்டு விழுந்தால் அக்ரோசோமும் உட்கருவும் ஒரே வட்டத்தில் தெரியும்.

உட்கரு வெட்டு: உள்ளே வேறெதுவும் இல்லாத, ஒரே சீரான அடர் கறுப்பு. டி.என்.ஏ. அவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கிறது. சில இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் முதிராத செல்லாகவோ சரியாக நிலைப்படாததாகவோ இருக்கலாம்.

தலையும் வாலும் சேரும் இடம்தான் கடினம், ஆனால் இனங்களை ஒப்பிடுவோருக்கு மிகவும் உதவுவது இதுதான். இங்கே சென்ட்ரியோல் துணைப்பொருள் என்று ஒரு அடர்த்தியான துண்டு ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். வாலில் ஓடும் இரண்டு மைட்டோகாண்ட்ரியத் தண்டுகளில் பெரியது முன்னாலேயே தொடங்கிவிடும், சின்னது இந்தத் துணைப்பொருள் முடிந்த பிறகே தொடங்கும். ஆகவே ஒரு வெட்டில் ஒரே தண்டும் பக்கத்தில் அமைப்பில்லாத அடர்த்திப் பொருளும் தெரிந்தால், இரண்டாவது தண்டு 'காணாமல் போய்விட்டது' என்று எழுதாதீர்கள், நீங்கள் இன்னும் கொஞ்சம் முன்னால் நிற்கிறீர்கள்.

நடு வால் வெட்டு: ஒரு பக்கம் ஆக்சோனீம், அதாவது நெளிவைத் தரும் நுண்குழல் கட்டு. வெளியிலிருந்து உள்ளே எண்ணுங்கள்: ஒற்றைக் குழல் 9, இரட்டைக் குழல் 9, நடுவில் 2. இதைத்தான் 9+9+2 என்கிறோம். மனித விந்தணுவில் வெளி வளையம் இல்லை, அது 9+2. மறு பக்கம் அந்த இரண்டு தண்டுகள். விந்தணு உருவாகும்போது செல்லில் சிதறிக் கிடந்த மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றாகச் சேர்ந்து உருண்டையாகி, பிறகு இரண்டாகப் பிரிந்து வாலோடு நீள்கின்றன, இவை அவைதான். இரண்டும் சம அளவில் இராது, பெரியதற்குள் படிகம் மாதிரி ஒழுங்காக அடுக்கிய பகுதி ஒன்று தெரியும். ஆக்சோனீமுக்கும் தண்டுகளுக்கும் இடையில் முக்கோணம் மாதிரி இரண்டு சின்னத் துண்டுகள் தெரியும், அவை துணை உடல்கள்.

வால் நுனிக்கு வரும்போது சின்னத் தண்டு முதலில் முடியும், பிறகு பெரியது. கடைசியில் குழல்கள் மட்டும் மிஞ்சி, அவையும் ஒரே இடத்தில் முடியாமல் ஒவ்வொன்றாகக் குறையும். அங்கே 9+9+2 கணக்கு வராது, எண்ணிச் சரியாக வராவிட்டால் படத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

10. படம் வரைவது

பிள்ளைகளிடம் கடைசியாக நான் வாங்குவது ஒரு படம், ஒரு முழு விந்தணு, பக்கத்தில் ஐந்து குறுக்குவெட்டு வட்டங்கள். விந்தணுவின் நீளம் அவர்கள் அளந்த சராசரிக்கு ஏற்ப அளவுகோலோடு இருக்க வேண்டும். தலை அதில் எவ்வளவு சின்னது என்று வரையும்போதுதான் அவர்களுக்கே தெரியவரும், பலர் காகிதம் போதாமல் இரண்டு தாளை ஒட்டுவார்கள்.

தங்கள் ஸ்லைடில் கண்ணால் பார்த்ததைக் கறுப்புப் பென்சிலால் வரையச் சொல்வேன். எலக்ட்ரான் படத்தில் பார்த்ததைச் சிவப்புப் பென்சிலால், அது எந்த இனத்தின் படம் என்று பக்கத்தில் எழுதி. கிடைக்கும் படங்கள் அதிகமும் பிரேசில் இனங்களுடையவை, நம் சுவரில் கூடு கட்டிய ஈயின் வெட்டு அது இல்லை என்பது சிவப்பு நிறத்தைப் பார்த்ததும் தெரிய வேண்டும்.